பசுபதிநாதர் கோயில் வழியில் 18,000 ரூபாய் போச்சு. ருத்ராட்சம் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

காத்மாண்டு தாமேல் லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். வயிறு எரிகிறது. நேற்று பசுபதிநாதர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு ருத்ராட்சக் கடையில் 18,000 ரூபாயைப் பறிகொடுத்தேன். நம் ஊர்க் காசு 18,000. நேபாளக் காசில் 28,800.

காலையில் சுயம்புநாத்தில் 365 படி ஏறி இறங்கி, அசன் சந்தை நெரிசலில் இடிபட்டு, களைத்துப் போய்த்தான் பசுபதிக்கு வந்தேன். செருப்பை, தோல் பெல்ட்டை எங்கே விடுவது என்று நின்றபோது அந்தக் கடைக்காரர் கூப்பிட்டார். "இங்கேயே விட்டுட்டுப் போங்க பாய்சாப், காசெல்லாம் வேண்டாம்" என்றார் இந்தியில். தெற்கிலிருந்து வருகிறேன் என்றதும், "உள்ளே பூஜை செய்கிற பட்டர்களும் உங்கள் பக்கம்தான்" என்றார். அது உண்மை. கர்நாடகத்திலிருந்து போகும் பட்டர்கள்தான் அங்கே லிங்கத்தைத் தொட்டுப் பூஜை செய்கிறார்கள். அந்த ஒரு உண்மையில்தான் விழுந்தேன்.

தரிசனம் முடித்து, பாக்மதிக் கரையில் எரியும் சிதைகளைப் பார்த்துவிட்டு, மனம் கனத்துத் திரும்பியவனுக்கு டீ கொடுத்தார். அம்மாவுக்கு ருத்ராட்சம் வேண்டும் என்றேன். சிவப்புத் துணியைப் பிரித்து ஏகமுகி என்று ஒன்றைக் காட்டினார். உருண்டை, ஒரே கோடு. ஒரு கோடு என்றால் ஒரு முகம், அதுதான் ஏகமுகி. தண்ணீரில் போட்டார், மூழ்கியது. இரண்டு செப்புக்காசுக்கு நடுவில் வைத்து அழுத்தினார், சுழன்றது. லேப் சர்டிபிகேட்டும் கொடுத்தார். 18,000 எண்ணிக் கொடுத்தேன்.

ராத்திரி கழுவி எண்ணெய் தடவலாம் என்று வெந்நீரில் ஊறவைத்தேன். அரை மணி நேரத்தில் பசை கரைந்து, மூடியிருந்த நாலு கோடும் வெளியே வந்துவிட்டது. சாதாரண ஐந்து முகம்! ருத்ராட்சம் என்பது நிஜம். முகம்தான் பொய். காசுக்கு நடுவே அழுத்தினால் எந்தக் கொட்டையும் சுழலும் என்பதை இங்கே அறையிலேயே செய்து பார்த்துவிட்டேன்.

காலையில் ஓடினேன். கடையில் வேறு பையன். "முதலாளி ஊருக்குப் போயிருக்கார்." எப்போது வருவார்? "தசமிக்கு அப்புறம்." பில்லைக் காட்டினேன். லாட்ஜ் பையனிடம் படிக்கச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதில் 'பூஜா சாமான் 1' என்றுதான் இருக்கிறது. ஏகமுகி என்ற சொல்லே இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஊரில் பயணம் ஏற்பாடு செய்தவரோ, "பர்ச்சேஸ் உங்க சொந்த விஷயம் சார்" என்று வைத்துவிட்டார். 18,000 ரூபாய் சார்!

வருகிறவர்களுக்கு: உருண்டை ஏகமுகி என்று யார் காட்டினாலும் வாங்காதீர்கள். ஐந்து முகம் மலிவு, அதை வாங்குங்கள், போதும். தண்ணீர், செப்புக்காசு சோதனையை நம்பாதீர்கள். உள்ளே எத்தனை அறை என்று எக்ஸ்ரேயில்தான் தெரியும். பில்லில் பொருளின் பெயரை எழுத வையுங்கள். செருப்பைக் காசு கொடுத்தே விடுங்கள்.

மதியம் விமானம். அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள், இன்னும் எடுக்கவில்லை.