கிக்டவுன் சுவிட்ச் மாற்றினோம் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலர் இருக்கிறீர்கள், இன்னொருவர் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். என்னுடையது 1970 ஷெவெல், டர்போ 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஆக்சிலரேட்டர் பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்தால் கியர் தானாக இறங்கி வண்டி பாய வேண்டும், அதற்குப் பெயர்தான் கிக்டவுன். என் வண்டியில் அப்படி மிதித்தாலும் கியர் இறங்கவில்லை, ஃப்ரீவேயில் ஏறும்போது பின்னால் லாரி ஹார்ன் அடிக்க வண்டி திணறும், மற்றபடி ஒரு குறையும் இல்லை. பழைய கார்களை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

முதலில் "கிக்டவுன் கேபிள் அறுந்துவிட்டது" என்றார்கள். டர்போ 400-இல் அந்தக் கேபிளே கிடையாது! அது டர்போ 350 என்ற வேறொரு கியர்பாக்ஸில் இருப்பது. இதில் எல்லாமே கரண்ட் வேலை. பெடல் முழுக்க இறங்கும்போது மேலே பிராக்கெட்டில் இருக்கும் சுவிட்ச் அழுத்தப்படும், அதன் வழியாக 12 வோல்ட் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சோலினாய்டுக்கு (கரண்ட் வந்தால் இயங்கும் சின்ன வால்வு) போகும், அது ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிட்டுக் கியரை இறக்கும். இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. சுவிட்ச், சோலினாய்டு, வயரிங் மூன்றுமே போய்விட்டதாம், 900 டாலர் ஆகுமாம். சரி என்றேன். கழற்றும் பழைய பார்ட்கள் எனக்கு வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதவும் வைத்தேன்.

வண்டி திரும்பி வந்தபோது முன்பைவிட மோசம். லேசாக மிதித்தாலும் முதல் கியரிலேயே கத்திக்கொண்டு போகிறது, இரண்டாவது விழுவதற்குள் எஞ்சின் அலறுகிறது. கேட்டால் "புது பார்ட், ஓட்ட ஓட்ட செட்டாகிவிடும்" என்றார்கள். பழைய பார்ட்? குப்பையில் போய்விட்டதாம்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே போய்ப் பார்த்தேன். சோலினாய்டு, கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குள், ஆயில் போகும் வழிகளைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டுமென்றால் ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டே ஆக வேண்டும். என் சம்ப்பின் போல்ட் தலைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் கலந்து தார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தால், அதே பழைய சுவிட்ச், அதில் செருகும் இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். அதாவது சாவியைத் திருப்பியதிலிருந்து நிறுத்தும் வரை சோலினாய்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது, கியர்பாக்ஸ் எந்நேரமும் நான் முழு வேகத்துக்கு மிதித்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொள்கிறது. இப்படியே ஓட்டியிருந்தால் சோலினாய்டின் சுருள் சூடேறிப் போயிருக்கலாம், அதற்கும் அவர்களே ஒரு பில் போட்டிருப்பார்கள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது. இதைச் செய்ய எப்படி மனசு வந்தது?

சில பத்து டாலர் விலையில் ஒரு சுவிட்ச் வாங்கி, வெட்டிய வயர்களுக்குப் புது கனெக்டர் போட்டு நானே மாட்டினேன். சோலினாய்டு முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

உங்களுக்கு இதே பிரச்சினை வந்தால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் இதைப் பாருங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவரைப் பெடலை முழுக்க அழுத்தச் சொல்லுங்கள், கியர்பாக்ஸிலிருந்து 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கியர்பாக்ஸின் இடது பக்க கனெக்டரில் டெஸ்ட் லைட் (கரண்ட் வந்தால் எரியும் சின்ன பல்ப்) வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது மட்டும் எரிந்தால் சுவிட்சும் வயரும் சரி, கோளாறு உள்ளே. எரியவே இல்லையென்றால் சுவிட்ச், வயர், ஃபியூஸ் இவற்றில் ஏதோ ஒன்று, சம்ப்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை. பெடலைத் தொடாமலே எரிந்தால் என் கதைதான். சுவிட்ச் இருக்கும் இடம் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும், சில கார்களில் கார்புரேட்டர் பக்கம் இருக்கும்.

கலிஃபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட் தருவதும், முன்கூட்டியே கேட்டால் பழைய பார்ட்டைத் திருப்பித் தருவதும் சட்டப்படி ஒர்க்‌ஷாப்பின் கடமை. அந்த எஸ்டிமேட், பில், போல்ட் தலைகளின் படம், டேப் சுற்றிய வயரின் படம் எல்லாவற்றையும் வைத்து கார் ரிப்பேர் கடைகளைக் கண்காணிக்கும் மாநில அமைப்பான பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் கொடுத்திருக்கிறேன். அது தெரிந்த பிறகு பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். முழுப் பணமும் வரும்வரை புகாரை வாபஸ் வாங்கப்போவதில்லை.