அல்ட்ராசோனிக் பாசி மிதவை: சென்சாருக்கு நல்ல மார்க், சத்தத்துக்குப் பூஜ்யம்

தலையில் சோலார் பலகை, வயிற்றுக்குக் கீழே ஒலி எழுப்பும் கிண்ணங்கள், பக்கத்தில் இரண்டு மூன்று சென்சார்கள். ஏரியில் மிதக்கவிட்டால் நீலப்பச்சைப் பாசியை ஒலி அலையாலேயே அடக்கிவிடும் என்று சொல்லி விற்கிற மிதவை இது. நாங்கள் பராமரிக்கும் நீர்த்தேக்கத்தில் ஒரு பாசிப் பருவம் முழுக்க இதை ஓடவிட்டுப் பார்த்தோம். கம்பெனி பெயர் வேண்டாம், ஏறக்குறைய இதே சரக்கைப் பலரும் விற்கிறார்கள், சொல்கிற கதையும் ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சென்சார்கள் உண்மையிலேயே பிரமாதம். குளோரோபில் அளவு எல்லாப் பாசிக்கும் ஏறும், அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஃபைகோசயனின் என்ற நிறமியைத் தனியாக அளப்பதுதான் விஷயம், ஏனென்றால் தொல்லை தருகிற சயனோபாக்டீரியாவில்தான், அதாவது நீலப்பச்சைப் பாசியில்தான், அது நிறைய இருக்கும். தண்ணீர் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்தபோதே அந்த நிறமியின் வரைபடக் கோடு மெதுவாக ஏற ஆரம்பித்துவிட்டது, பச்சை ஏடு கரையில் ஒதுங்கியது அதற்கு எத்தனையோ நாள் கழித்துத்தான். பகலில் பிஎச் 9-ஐத் தாண்டுவதும், விடியற்காலையில் ஆக்சிஜன் தடாலென்று விழுவதும் போனிலேயே தெரிகிறது. மீன் செத்து மிதப்பதற்கு முன்னால் காற்றேற்றியை ஓடவிட இது போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், சென்சார் கண்ணாடியைத் துடைக்கிற சின்ன பிரஷ் இல்லாத மாடலை வாங்கவே வாங்காதீர்கள். கண்ணாடியில் வழவழவென்று படலம் பிடித்துவிடும், ரீடிங் தானாக ஏறிக்கொண்டே போகும், ஏரியில் பாசி பெருகிவிட்டது என்று நீங்கள் பதறுவீர்கள். அப்புறம் சோலார் பலகையில் பறவை எச்சம். அதற்கு ஒரு ஆள் படகில் போய்த்தான் ஆக வேண்டும், எந்த மென்பொருளும் அதைத் துடைக்காது.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். நீலப்பச்சைப் பாசியின் செல்லுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் உண்டு, அவற்றை வைத்துத்தான் அது மேலே ஏறி வெயிலைப் பிடிக்கிறது. அந்தப் பையை ஒலியால் உடைத்தால் பாசி அடியில் போய்விடும், வெளிச்சமில்லாமல் சாகும் என்பது விற்பனையாளர் சொல்லும் கதை. ஆய்வகத்தில் சின்னப் பாத்திரத்தில் பலமான ஒலியைப் பாய்ச்சினால் பை உடைகிறது, அதில் பொய்யில்லை. ஆனால் திறந்த ஏரியில் சோலார் பலகை கொடுக்கிற கொஞ்சம் மின்சாரத்தில் வருகிற ஒலிக்கு அந்தப் பலம் எங்கே இருக்கிறது? நெதர்லாந்தில் லூர்லிங் என்ற ஆய்வாளர் கடைகளில் விற்கிற இந்த வகைக் கருவிகளைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்: சயனோபாக்டீரியா அடங்கவில்லை, பாசியைத் தின்று நமக்கு உதவுகிற டாப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சிதான் செத்தது.

எங்கள் அனுபவமும் அதற்கு விரோதமாக இல்லை. ஒலியை நிறுத்தியும் ஓடவிட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தோம், ஃபைகோசயனின் கோட்டில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காற்றடித்தால் இறங்கியது, அசையாத வெயில் நாளில் ஏறியது, அவ்வளவுதான். ஒரு காலையில் படகில் போய்ப் பார்த்தால், ஒலி வெளிவருகிற கிண்ணத்தை ஒட்டியே பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல ஏடு கெட்டியாக நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் மிதவையின் பச்சை விளக்கு "செயல்படுகிறது" என்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டால், இன்னும் அலைவரிசையைச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். சரி என்று பொறுத்தோம், சரிசெய்தார்கள், ஏடு அப்படியேதான் இருந்தது.

அவர்கள் காட்டுகிற "முன்–பின்" படங்களை நம்பாதீர்கள். காற்றில்லாத அதிகாலையில் ஏடு முழுக்க மேலே மிதக்கும். காற்றடித்த மதியத்தில் அதே பாசி தண்ணீருக்குள் கலந்தோ எதிர்க்கரையில் ஒதுங்கியோ போயிருக்கும். ஒரே நாளில் இரண்டு படம் எடுத்தாலே எந்தக் கருவியையும் விற்றுவிடலாம்.

இதுக்குப் பேசாமல் மயில்துத்தத்தை, அதாவது செம்பு உப்பான காப்பர் சல்பேட்டை, போட்டுவிடலாமே என்று எங்கள் ஆட்களிலேயே ஒருவர் சொன்னார். 1904 முதல் அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படுகிற பழைய வைத்தியம்தான், பாசியைக் கொல்லவும் செய்யும். கொன்றபின் வருவதுதான் வினை. செல் உடைந்தால் உள்ளே இருந்த நச்சு மொத்தமும் தண்ணீரில் கலக்கும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் குடிநீர் அணையில் பாசிக்காகச் செம்பு போட்டார்கள். அதைத் தொடர்ந்து 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், நோய்வாய்ப்பட்டார்கள். கொதிக்க வைத்துக் குடித்தாலும் இந்த நச்சுகள் போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரை டொலீடோ நகரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொன்னது அதனால்தான். மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் என்ற நச்சுக்கு உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து குடிக்கிற தண்ணீரில் விட்ட வரம்பே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஏடு கெட்டியான பிறகு குடிநீர்த் தேக்கத்தில் மயில்துத்தம் வேண்டவே வேண்டாம்.

அவசரத்துக்கு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு பரவாயில்லை. நெதர்லாந்தின் கூட்ஸ்ஹாய்ஸ் ஏரியில் 2009-இல் லிட்டருக்கு வெறும் 2 மில்லிகிராம் அளவில் சீராகக் கலந்தார்கள், சயனோபாக்டீரியா சில நாளில் சரிந்தது, மற்ற உயிர்கள் பெரும்பாலும் தப்பின, மருந்தும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிட்டது. ஆனால் சில வாரங்களுக்குத்தான் நிம்மதி. ஆழமான ஏரி என்றால் அடியிலிருந்து காற்றுக்குமிழி விட்டுக் கலக்குவது நல்ல வழி, ஆம்ஸ்டர்டாமின் நியூவ மேர் ஏரியில் 1990-களில் அப்படித்தான் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியை அடக்கினார்கள். மேலே ஏறி வெயில் காய்கிற சௌகரியம் அதற்குப் போய்விடுகிறது. ஆழமில்லாத ஏரியில் இது உதவாது. நடுவில் வைக்கிற நீரூற்று வெறும் அழகுக்கு. ஏரியில் வீசுகிற நுண்ணுயிர் மண் உருண்டைகளைப் பற்றிக் கேட்காதீர்கள், இருக்கிற சத்தோடு இன்னும் சத்தைச் சேர்ப்பதுதான் அது.

மிதவைக்காரர்கள் வாயைத் திறக்காத ஒரு பெயர் உண்டு, பாசிக்குத் தீனியான பாஸ்பரஸ். கனடாவில் 226-ஆம் எண் ஏரியை 1973-இல் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் ஊற்றி, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சையாகிப்போனது. சியாட்டில் அருகே வாஷிங்டன் ஏரிக்குள் வந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள், தெளிந்துவிட்டது. எங்கள் தேக்கத்தில் பாஸ்பரஸ் வருவது பாதி வெளியிலிருந்து, பாதி அடிச் சேற்றிலிருந்து. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கழன்று மேலே வருகிறது. அதைக் கட்டிப்போட லாந்தனம் கலந்த களிமண் இருக்கிறது, தோராயமாக 1 கிலோ பாஸ்பரஸுக்கு 100 கிலோ களிமண் போட வேண்டும், கணக்குப் போட்டால் லாரி லாரியாக வரும். படிகாரம் மலிவு, ஆனால் பிஎச் தடுமாறினால் மீனுக்கு ஆபத்து. இரண்டுமே உள்ளே வருகிற வாய்க்காலைச் சரிசெய்த பிறகுதான், இல்லாவிட்டால் புதுச்சேறு மேலே மூடிவிடும்.

எனவே இந்த மிதவையை வாங்கலாமா என்றால், சென்சாருக்காக வாங்கலாம். ஒலி இல்லாமல் சென்சாரை மட்டும் தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன், "செட்டாகத்தான் சார் வரும்" என்றார்கள். சென்சார் மிதவையை மட்டும் தனியாக விற்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள், கேட்கும்போது பிரஷ்ஷையும் மறக்காதீர்கள்.