பெயர் ஊர்ச் சபையில், ஆராதனை சென்னையில்: மாற்றல் வாங்கலாமா, இப்படியே இருக்கலாமா?

நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் பலவற்றின் நிலைமை இது. பெயர் ஊர்ச் சேகரத்துப் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி) பதிவேட்டில் இருக்கும். சங்கக் காணிக்கையை (அங்கத்தினர் சந்தா) அங்கே அப்பாவோ சித்தப்பாவோ கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே: ஒரு வாரம் பக்கத்துக் கோயில், மறுவாரம் பெரிய சுயாதீன சபை, மழை பெய்தால் யூடியூப். இப்படியே தொடரலாமா, வீட்டுக்கு அருகிலுள்ள சி.எஸ்.ஐ. சபைக்குப் பெயர் மாற்றல் வாங்கலாமா? நான் மாற்றல் வாங்கியவர்கள் பக்கம்.

பாட்டு, பிரசங்கம், சிறுபிள்ளைகள் வகுப்பு, வண்டி நிறுத்த இடம் என்று பார்த்தால் பெரிய சபைதான் மேல். அதில் விவாதமே இல்லை. ஆனால் அங்கே போகிறவர்களிலும் பலர் அங்கத்தினராகச் சேருவதில்லை. முக்கியக் காரணம் ஞானஸ்நானம். குழந்தையில் பெற்ற தெளிப்பு ஞானஸ்நானத்தைப் பெந்தெகொஸ்தே வழிச் சுயாதீன சபைகள் பொதுவாக ஏற்பதில்லை. முழுக்கு எடுக்கச் சொல்வார்கள். ஊரில் பெற்றோர் மனம் நோகும் என்று அதைத் தள்ளிப்போட்டே வருடங்கள் ஓடிவிடும். சி.எஸ்.ஐ.க்குள் இந்தச் சிக்கல் கிடையாது. எந்தத் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதி) பெற்றிருந்தாலும், லுத்தரன் சபையில் பெற்றிருந்தாலும், அதே ஞானஸ்நானம் போதும்.

சி.எஸ்.ஐ.யில் சேரத் தயங்குகிறவர்கள் தேர்தலைத்தான் காரணம் சொல்கிறார்கள். சேகர கமிட்டியிலிருந்து திருமண்டலம் வரை அணி, ஊர், சாதி, கோர்ட் வழக்கு. இதைப் பார்த்து மனம் கசந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பெயர் பதிவதும் அணியில் சேர்வதும் ஒன்றல்ல. ஓட்டுப் போடாமலே நல்ல அங்கத்தினராக இருக்கலாம்.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது நோயும் சாவும். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்கிறது யாக்கோபு 5:14. வரவழைக்க முதலில் மூப்பர்கள் இருக்க வேண்டுமே! பதிவேட்டில் இருக்கும் முதியவர் படுத்துவிட்டால் குருவானவர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பார், பெண்கள் ஐக்கியத்தார் வந்து ஜெபிப்பார்கள். பெயர் இல்லாதவர் நான்கு ஞாயிறு வராவிட்டாலும், ஊருக்குப் போயிருப்பார் என்றுதான் நினைப்பார்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் பிரிகிறது என்று வையுங்கள். சபையில் இருப்பவர் வீட்டிலிருந்து கமிட்டி உறுப்பினர் ஒருவருக்குப் போன் போகும். விடிவதற்குள் குருவானவருக்குத் தகவல் சேர்ந்து, பிரீசர் பெட்டி வந்து, அடக்க ஆராதனைக்கு நேரம் குறித்து, கல்லறைத் தோட்டத்துக்குக் குருவானவர் கடிதமும் தயாராகிவிடும். பெயர் பதியாத வீட்டில் அப்போதுதான் ஒரு போதகரைத் தேடுவார்கள். எந்தச் சபை, யார் கடிதம் கொடுப்பது என்ற கேள்விக்கு அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் பலர் உடலை ஆம்புலன்சில் ஏற்றி, 600 கிலோமீட்டருக்கும் மேல் தாண்டி ஊருக்கே கொண்டுபோகிறார்கள். ஊர்க் குடும்பக் கல்லறையில்தான் அடக்கம் என்று முன்பே முடிவு செய்தவர்களுக்கு அதுவே சரி. வேறு வழியில்லாமல் அப்படிப் போவதுதான் கொடுமை.

சென்னைக் கல்லறைத் தோட்டங்களில் இடநெருக்கடி உண்டு. மாற்றல் வாங்கினால் இடம் உறுதி என்று சொல்ல மாட்டேன். பெரிய சபைகளிலும் வீட்டு ஜெபக் குழு நன்றாக நடந்தால், இந்த உதவியெல்லாம் அந்தக் குழுவிலிருந்தே கிடைக்கும். அது குழுத் தலைவரைப் பொறுத்தது.

கல்யாணத்தில் வேறுபாடு குறைவு. பெண் வீட்டுச் சபையிலும் மாப்பிள்ளை வீட்டுச் சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதை ஊரிலிருந்தே முடித்துக்கொள்ளலாம். சுயாதீன சபையில் நடத்துவதானால் மட்டும், 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி போதகருக்கு உரிமம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்யும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மாற்றலுக்கு ஊர்ச் சேகர குருவானவரிடம் கடிதம் வாங்க வேண்டும். குடும்பத்தார் பெயர்கள், ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) விவரம், காணிக்கை பாக்கியில்லை என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். பெரும்பாலும் இழுபறி ஆவது பாக்கியில்தான். அப்பா கட்டியது அவர் பெயரில் மட்டும் வரவாகி, தனிக் குடும்பமான மகன் பெயரில் சில வருடங்கள் நிலுவை நிற்கும். ரசீதுகளை எடுத்துக்கொண்டு போங்கள். ஞானஸ்நானச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். திடப்படுத்தல் பெறாத பிள்ளைகளைப் புதிய சபையின் வகுப்பில் சேர்த்துவிடலாம். கடிதத்தை இங்குள்ள குருவானவரிடம் கொடுத்தால் கமிட்டியில் வைத்துப் பெயரைச் சேர்ப்பார்கள். ஓட்டுரிமைக்கான காலவரம்பு திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். தேர்தல் நெருங்கும் மாதங்களில் மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். எந்த அணி ஆள் சேர்க்கிறது என்ற சந்தேகத்தில் உங்கள் கடிதமும் கோப்பிலேயே தங்கிவிடும்.