ரெட்கேப்: அவசர சிகிச்சைத் துறை ஆய்வுக்கு எப்படி இருக்கிறது?

ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசர சிகிச்சைத் துறையில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன், மூன்று வருடமாக ரெட்கேப்தான் என் அன்றாட வேலை. ஆய்வுக்கான விவரங்களைக் கணினிப் படிவங்களில் ஏற்றிச் சேமித்து வைக்க, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் உருவான மென்பொருள் இது. லாப நோக்கமற்ற நிறுவனம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் சர்வரையும் அதைக் கவனிக்க ஒரு ஆளையும் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

முன்பு எங்களிடம் ஸ்ப்ரெட்ஷீட்தான். ஒருநாள் யாரோ ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட, ஒருவருடைய ரத்த அழுத்தம் இன்னொருவர் பெயரில் போய் உட்கார்ந்துவிட்டது, அத்தனை கேஸ் ஷீட்டையும் திரும்ப எடுத்துச் சரிபார்த்தோம். ரெட்கேப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகிவிடும். அப்புறம், நெஞ்சுவலிக்கு ‘ஆம்’ என்று போட்டால் மட்டும் இ.சி.ஜி. எடுத்த நேரத்தைக் கேட்கும்படி வைக்கலாம்; நோயாளி வந்த நேரத்துக்கு முந்தைய நேரத்தைத் தவறிப் போட்டால் எச்சரிக்கவும் விதி எழுதலாம். நள்ளிரவில், பக்கத்துப் படுக்கையில் சி.பி.ஆர். நடந்துகொண்டிருக்கும்போது விவரம் ஏற்றுகிறவருக்கு இது பெரிய துணை. இணையம் கிடைக்காத இடத்தில் மொபைல் ஆப்பில் சேமித்துப் பிறகு அனுப்பலாம். ஆர், எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்களில் எதில் அலசினாலும் தரவை அதற்கேற்ற வடிவில் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, சிரமம் எங்கே? ஆய்வு ‘புரொடக்‌ஷன்’ நிலைக்கு (உண்மையான விவரங்களைச் சேகரிக்கும் கட்டம்) போன பிறகு படிவத்தில் ஒரு கேள்வியை மாற்றக்கூட வரைவாகப் போட்டு, பல சமயங்களில் நிர்வாகியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் முதலில் பத்து கேஸ் ஷீட்டையாவது ஏற்றிப் பார்த்துவிடுங்கள், அதுவும் இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.