"கெமிக்கலே கிடையாதுங்க" என்று சொல்லிப் பிள்ளை தலையில் போடுவது என்ன?

குன்னூரில் ஒரு பார்லரில் 8 வயதுப் பிள்ளைக்கு "வெறும் கெரட்டின்தான்" என்று சொல்லி ஸ்மூத்தனிங் (க்ரீமும் சூடான அயர்னும் வைத்து முடியை நேராக்குவது) செய்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் சீவும்போது கொத்துக் கொத்தாக முடி வந்திருக்கிறது. வேரோடு அல்ல, மண்டையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒடிந்து. காதுக்குப் பின்னால் நீர் கோத்த கொப்புளம். கேட்டால், "முடி வீக்குங்க, எண்ணெய் வைங்க" என்கிறார்கள். அது பொய். வேரோடு கொட்டினால் காரணம் பலவாக இருக்கலாம். ஸ்மூத்தனிங் செய்த மூன்றாம் நாளே பாதியில் ஒடிந்தால் அது மருந்தும் அயர்னும் செய்த வேலை.

கெரட்டின் என்பது முடி எதனால் ஆனதோ அந்தப் புரதம். சுருட்டையைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்பை அறுத்தால்தான் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங்கில் முடி நேராகும். அந்த க்ரீமில் இருப்பது அமோனியம் தையோகிளைக்கோலேட், பிஎச் (காரத்தின் அளவு; தண்ணீருக்கு 7) 9க்கு மேல். ரிலாக்சர் என்ற நேராக்கும் க்ரீம் இன்னும் கடுமை: சோடியம் ஹைட்ராக்சைடு, பிஎச் 12 முதல் 14. கெரட்டின் என்ற பெயரில் வருவதில் பல, சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004லேயே உறுதி செய்யப்பட்டது அது. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று எழுதிய டப்பாவிலும் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள். அதனால் சிறுநீரகம் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. டப்பாவைக் காட்ட மறுத்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நம்ம மலையில் இன்னொரு ஆபத்து. குளிருக்கு ஜன்னலைச் சாத்தி ஹீட்டர் போட்ட அறையில் அந்த ஃபார்மால்டிஹைடு புகை போக வழியில்லை. ஈரக்காற்றில் முடி முழுக்கக் காய்வதற்குள் 200 டிகிரி அயர்னை வைத்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து முடித்தண்டில் குமிழ் விடும். அந்த இடத்தில்தான் ஒடியும். க்ரீம் போட்டிருக்கும்போது ஈர இழையை இழுத்துப் பார்த்து, பபிள்கம் மாதிரி நீண்டு வந்தால், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட க்ரீம் இருக்கக் கூடாது.

தலை எரிந்தால் பெரியவர்கள் எழுந்துவிடுவார்கள். பிள்ளையோ, "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்றால் உட்கார்ந்திருக்கும். வயசுக்கு வரும்போது முடியின் தன்மையே மாறலாம். அதுவரை வேண்டவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

எரிகிறது என்று சொன்ன நொடியே வெதுவெதுப்பான ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் அலசுங்கள். எலுமிச்சை, நீலகிரித் தைலம் எதுவும் வேண்டாம். கொப்புளம் இருந்தால் தோல் டாக்டர். புண் ஆழமாகித் தழும்பானால் அங்கே முடி முளைக்காது.

ஆடி மழையில் முடி காயவில்லை, ஸ்கூலுக்கு இரட்டைச் சடை பின்ன முடியவில்லை என்பதுதான் பலருக்குக் கஷ்டம். வாரம் ஒரு தரம் அலசினால் போதும். கண்டிஷனர் போட்டு, நாலு பாகமாகப் பிரித்து, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். பழைய காட்டன் பனியனால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உறைந்த தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் உருக்கி நுனிக்கு மட்டும் தடவினால் போதும்.

ஏற்கெனவே பிணைப்பை அறுத்து நேராக்கிய முடி திரும்பச் சுருளாது. வேரிலிருந்து மாதம் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் புது முடி வரும். தோள் வரை, 30 சென்டிமீட்டர் வளர 2 வருஷம்.