ஆனேக்கல் வீட்டுக்குத் தண்ணீர்: போர்வெல்லா, உறைக்கிணறா?

பெங்களூருவில் குழாய்த் தண்ணீரையும் டேங்கர் லாரியையும் நம்பியே பல ஆண்டுகள் வாழ்ந்த நாங்கள், அருகிலுள்ள ஆனேக்கல்லுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வீடு கட்டியபோது, 600 அடி போர்வெல் போடுவதா, மொட்டை மாடி மழைநீர் வந்து இறங்கும்படி 35 அடியில் உறைக்கிணறு வெட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. கிணற்றையே வெட்டினோம். மூன்று ஆண்டுகளாக அதன் தண்ணீரில்தான் வாழ்கிறோம் என்பதால், என் மனம் அதன் பக்கமே சாய்ந்திருக்கிறது.

போர்வெல்லின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை: ஓரிரு நாளில் வேலை முடியும், இடம் அடைக்காது, மேல்மண் அழுக்கு எளிதில் எட்டாது. டேங்கரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் வருவதும் பெரும்பாலும் வேறொருவர் நிலத்துப் போர்வெல் தண்ணீர்தான்.

இந்த வட்டாரத்தில் செம்மண்ணுக்கு அடியில் சிதைந்த பாறை அடுக்கும், அதற்கும் கீழே கெட்டியான கிரானைட், நைஸ் (gneiss) வகைப் பாறைகளும் இருக்கின்றன. பெய்யும் மழை முதலில் அந்தச் சிதைந்த அடுக்கில்தான் ஊறித் தங்குகிறது. உறைக்கிணறு அதையே தொடுகிறது. ஆழமான போர்வெல்லோ கெட்டிப் பாறையின் வெடிப்புகளில் தேங்கிய நீரைத் தேடிப் போகிறது. அங்கே மழைநீர் போய்ச் சேர நெடுங்காலம் பிடிக்கும். பெங்களூருவில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் ஏறத்தாழ 90,000 லிட்டர் விழும். கிணற்றுக்குள் விடாமல் ஒதுக்கும் முதல் மழைநீரும் சேதாரமும் போக 75,000 லிட்டராவது கிணற்றுக்குள் இறங்கும். கிராமத்து வீடுகளுக்கு மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதன்படி நால்வருக்கு ஆண்டுக்குச் சுமார் 80,000 லிட்டர் வேண்டும். ஒரு மாடி தரும் நீர் ஒரு குடும்பத்தின் தேவையை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது.

ஆனாலும் எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல் ஒரு மார்ச் மாதத்தில் நின்றுபோனது. முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, இருபது இருபது அடியாக முப்பது பைப்புகளை மேலே இழுத்துக் கழற்றி அடுக்கிய பிறகுதான், மோட்டார் நன்றாகவே இருக்கிறது, கேபிள் இணைப்புதான் அறுந்திருக்கிறது என்பது தெரிந்தது. அதே முப்பது பைப்புகளையும் மறுபடி இறக்க வேண்டியிருந்தது. கூலியாகவே பெருந்தொகை போயிற்று. கீழே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாததே அந்தக் குடும்பத்தின் பெரிய துயரமாக இருந்தது.

எங்கள் கிணற்றில் ஒவ்வோர் உறையும் ஓர் அடி உயரம். ஐந்தாவது உறைதோறும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கிறோம். காலையில் எட்டிப் பார்த்தாலே இருப்பு தெரிந்துவிடும். ஐந்தடி விட்டமுள்ள கிணறு என்பதால் ஓர் அடித் தண்ணீர் ஏறத்தாழ 550 லிட்டர். அக்டோபரில் இருபது அடி நிற்கும்; ஏப்ரலில் நான்கு அடிக்கு இறங்கிவிடும், ஆனால் மாலையில் இறைத்தது விடிவதற்குள் ஊறிவிடும். மோட்டார் மேலேயே இருப்பதால், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு பழுதானபோது அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டோம். தண்ணீர் குறைந்த ஏப்ரலில், கிணறு வெட்டுவதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட மண்ணு வட்டர் இருவர் வந்து அரை நாளில் தூர் வாரிக் கொடுக்கிறார்கள்.

அடுத்தடுத்து இரு பருவமழைகள் பொய்த்த காலத்தை எங்கள் கிணறு இன்னும் சந்தித்ததில்லை. அப்போதும் இப்படியே ஊறும் என்று நான் உறுதி கூற மாட்டேன். போர்வெல்கள் 1,000 அடியைத் தாண்டிப்போன கோலார்ப் பக்கத்தில் வீடு கட்டுவோருக்குக் கிணற்றை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். அங்கே மழைநீரைப் பெரிய சம்ப்பில் சேமித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வதே நல்லது. ஆழத்து நீர் பாறையோடு நெடுங்காலம் கிடப்பதால் ஃபுளோரைடு கரைந்திருக்க வாய்ப்புண்டு; குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மி.கிராமைத் தாண்டக் கூடாது.

கிணற்றுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. மேல்மட்ட நீர் என்பதால் கழிவு எளிதில் கலந்துவிடும். எங்கள் வரைபடத்தில் செப்டிக் டேங்க் கிணற்றுக்கு இருபதே அடி தூரத்தில், அதுவும் மேட்டுப் பக்கத்தில் இருந்தது. கடைக்கால் தோண்டுவதற்கு முன் அதைப் பள்ளத்து மூலைக்கு, 60 அடிக்கு அப்பால் மாற்றினோம். ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீரைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். குடிப்பதற்குக் காய்ச்சியே பயன்படுத்துகிறோம்.