இஷாப்பூர் .410 மஸ்கட் துப்பாக்கி, ஒன்பது வருஷம் வச்சிருந்த அனுபவம்

மொத தடவை போல்ட்டை பின்னாடி இழுத்துட்டு உள்ள பாத்தப்போ மேகசின், அதான் தோட்டா அடுக்குற பெட்டி, இருக்க வேண்டிய எடத்துல மரக்கட்டை அடைச்சிருந்துச்சு, என்னங்க இது எதாவது உடைஞ்சு போச்சான்னு வித்தவர்கிட்ட கேட்டேன், இல்லங்க இதோட அமைப்பே இப்படித்தான்னாரு. அன்னைக்கே வாங்கிட்டேன்.

வெளிய பாத்தா நம்மூரு போலீஸ்காரங்க தோள்ல தொங்குன அதே லீ என்ஃபீல்ட் .303 ரைஃபிள் தான், அந்த நம்பர் குழலோட அளவு, அங்குலத்துல. ஆனா வங்காளத்துல இருக்கிற இஷாப்பூர் ஃபேக்டரில குழலுக்குள்ள குண்டை சுழல வைக்கிற புரியை மொத்தமா கடைஞ்சு எடுத்து .410 அளவுக்கு வழவழன்னு ஆக்கிட்டாங்க, காவல் வேலைக்கும் கூட்டத்தை கலைக்கவும் குடுக்கறதுக்காக. தோட்டாவை ஒவ்வொண்ணா கையால வச்சுத்தான் போல்ட்டை சாத்தணும், யாராவது திருடிட்டு போனாலும் ராணுவ ரைஃபிள் மாதிரி தூரமா அடிக்க உதவாது.

தோட்டா தான் பெரிய தலைவலி. .303 தோட்டா கூட்டோட கழுத்தை ஒடுக்காம நேரா விட்டா எப்படி இருக்குமோ அதான் இதோட தோட்டா, கடையில கிடைக்கிற .410 தோட்டா இதோட சேம்பருக்கு, அதான் குழலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற எடத்துக்கு, சரியா உக்காராது, அதனால நெறைய பேரு சேம்பரையே கடைஞ்சு பெருசாக்கிடறாங்க. எனக்கு மனசு வரல. .303 பித்தளைக் கூட்டுல இருந்து செஞ்சு தர்ற ஒருத்தர்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கறேன், வருஷத்துக்கு அம்பது சுட்டாலே அதிகம். உதைப்பு ரொம்ப கம்மி, கனமான துப்பாக்கி இல்லையா. ரவை போட்டு சுட்டா கிட்டக்க வச்ச அட்டையில அள்ளி தெளிச்ச மாதிரி விழும், தூரத்துக்கு லாயக்கில்ல.

மூணாவது வருஷம் ஒரு தப்பு பண்ணிட்டேன், இதை வச்சிருக்கிறவங்க யாரா இருந்தாலும் தெரிஞ்சுக்கணும். தோள்ல வைக்கிற பின்கட்டை லேசா ஆடுச்சு, அதோட கடைசில பித்தளைத் தகட்டுல இருக்கிற சின்ன கதவை தொறந்து நீளமான ஸ்க்ரூட்ரைவர் விட்டு பின்கட்டையை துப்பாக்கியோட சேத்து பிடிக்கிற ஸ்டாக் போல்ட்டை முறுக்கினேன், டக்குனு ஒரு சத்தம், குழலுக்கு அடியில இருக்கிற முன்கட்டையோட பின்பக்கம் விரிசல் விட்டுருச்சு. அந்த போல்ட்டோட நுனி சதுரமா இருக்கும், முன்கட்டைக்குள்ள ஒரு தகட்டுல போய் கவ்வி நிக்கும், முன்கட்டையை மொதல்ல கழட்டாம திருப்புனா அது சுத்தி மரத்தை பொளந்துரும். மேகசின் எடத்துக்கு முன்னாடி மரத்துக்கு குறுக்கால இஷாப்பூர்காரங்க போட்ட ஸ்க்ரூ இருக்கு, ஆனா என் விரிசல் அதுக்கு பின்னாடி, காப்பாத்தல. ரெண்டு நாள் பசை போட்டு இறுக்கி கட்டி வச்சு சரி பண்ணேன், ரேகை மாதிரி கோடு இன்னும் தெரியுது.

மேகசினை மாட்டி பாக்கறதுக்காவது .303 மாதிரி ஆக்கிடேன்னு ரெண்டு மூணு பேரு சொல்லிட்டாங்க. மாட்டவே மாட்டேன். குழல் இப்போ .303 இல்ல, பின்னாடி யார் கைக்காவது போயி அவங்க .303ன்னு நம்பி தோட்டா போட்டா என்ன ஆகறது? அதுவும் போக, மாத்துனது தானே இந்த துப்பாக்கியோட கதை.

போன மாசம் எண்ணெய் போடறப்போ அந்த மரக்கட்டையை வெளிய எடுத்து வெளிச்சத்துல பாத்தேன், அடியில உளி பட்ட தடம் அப்படியே இருக்கு, ஒரு பக்கம் கொஞ்சம் கூடவே சீவியிருக்காங்க. தொடைச்சு அதே பக்கமா திரும்ப வச்சுட்டேன்.